வீட்டுப் பட்டறையில் சேர்ந்த பழைய இரும்பை என்ன செய்வது?

கேள்வி கேட்டவரிடம் வெல்டிங் மெஷின், ஆங்கிள் கிரைண்டர், ட்ரில், வைஸ் எல்லாம் இருக்கின்றன. கூடவே இரண்டு பெட்டி நிறையத் துண்டு இரும்பும் சேர்ந்துவிட்டது: வெட்டி மிஞ்சிய ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை) துண்டுகள், ஒரு கார் பிரேக் டிஸ்க், மோட்டார் சைக்கிளின் பழைய செயினும் பல்சக்கரமும், லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒன்று, சில பேரிங்குகள், தேய்ந்த அரங்கள், ஓடாத பிரிண்டர். “பறவை, பூ என்று பொம்மை செய்வதைத் தாண்டி இவற்றை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார்.

துண்டு இரும்பைக் கையில் எடுத்ததும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “இது இதுவரை என்ன வேலை பார்த்தது?” என்பதுதான். ஸ்பிரிங் பட்டை லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்வதற்காகச் செய்யப்பட்டது. பிரேக் டிஸ்க் சூட்டைத் தாங்கியபடி கோணாமல் சுழல்வதற்காக வார்க்கப்பட்டது. பேரிங் வளையம் துல்லியமான வட்டமாகத் தேய்க்கப்பட்டது. பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் சம இடைவெளியில் இருக்கிறது. இந்தத் தரத்தை வீட்டுப் பட்டறையில் உண்டாக்குவது பெரும்பாடு. அது ஏற்கெனவே அந்தத் துண்டுக்குள் இருக்கும்போது, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வேலையைத் தேடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. பல்சக்கரத்தைக் கடிகாரமாக்கிச் சுவரில் மாட்டலாம், தவறே இல்லை. ஆனால் அதன் பற்களுக்கு அங்கே வேலை இல்லை.

அதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். காந்தம் ஒட்டினால் இரும்பு வகை. ஒட்டாவிட்டால் அலுமினியம், செம்பு, பித்தளை, அல்லது எவர்சில்வரில் ஒரு வகை. எவர்சில்வர் என்றாலே காந்தம் ஒட்டாது என்று நினைக்க வேண்டாம். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த பாத்திர வகையில்தான் ஒட்டாது. மோட்டார் சைக்கிளின் பிரேக் டிஸ்க்கும் எவர்சில்வர்தான், அதில் நன்றாகவே ஒட்டும். எடை இன்னொரு துப்பு. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், இரும்பு 7.85 கிராம், செம்பு கிட்டத்தட்ட 9 கிராம், ஈயம் 11 கிராமுக்கு மேல். கொஞ்ச நாள் பழகினால் கையே சொல்லிவிடும்.

இரும்புக்குள் என்ன ரகம் என்பதைத் தீப்பொறி சொல்லும். கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள், பின்னால் இருட்டாக இருந்தால் நல்லது. சாதாரண மெல்லிரும்பு, அதாவது ஆங்கிள், பட்டை, சேனல் போன்றவை, நீளமான மஞ்சள் கோடுகளாகப் பொறி விடும். கோடுகளின் நுனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிளவு இருக்கும். கார்பன் கூடக் கூடப் பொறி மத்தாப்புப் போல வெடித்துச் சிதறும். தேய்ந்த அரம் ஒன்றைத் தொட்டால் வித்தியாசம் உடனே தெரியும், சக்கரத்தை ஒட்டியே பூப்பூவாகச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக வரும். மெல்லிரும்புத் துண்டு ஒன்று, அரத்துண்டு ஒன்று, வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று என மூன்றையும் கிரைண்டர் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். சந்தேகம் வரும்போது முதலில் இவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தெரியாத துண்டைத் தொட்டால் ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணுக்கு ஒரு அளவு கிடைக்கும்.

அலுமினியத்தை மட்டும் சாதாரணச் சாணைக் கல்லில் வைக்காதீர்கள். கல்லின் துளைகளில் அப்பிக்கொண்டு சூடேறும், கல் உடையவும் கூடும். அலுமினியத் தூளும் துருத் தூளும் சேர்ந்த கலவை, கடும் சூட்டோடு எரியும் தெர்மைட் வகையைச் சேர்ந்தது. பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாது. இரண்டையும் ஒரே இடத்தில் தேய்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

சில துண்டுகளைப் பட்டறைக்குள்ளேயே விடக்கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். முதல் ஆபத்து மூடிய எதுவும்: டிரம், எரிவாயு உருளை, பெட்ரோல் டேங்க். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், கிரைண்டரின் ஒரு பொறி போதும். டிரம்மில் அடுப்பு செய்ய வேண்டும் என்று ஆசையாக இருந்தால், எதுவும் அடைத்து வைக்காத புதுத் தகட்டிலோ, வாஷிங் மெஷினின் எவர்சில்வர் டிரம்மிலோ செய்யுங்கள். பின்னதில் துளைகள் ஏற்கெனவே இருப்பதால் காற்று நன்றாகப் புகும், நெருப்பு புகையாமல் எரியும். ஷாக் அப்சார்பரும் காரின் பின்கதவைத் தூக்கும் வாயுத் தண்டும் அழுத்தம் அடைத்தவை. சூடாக்கினால் வெடிக்கும், வெட்டினாலும் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். சில எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டுக்குள் சோடியம் அடைத்திருப்பார்கள், அது தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். எந்த எஞ்சினின் வால்வு என்று தெரியாவிட்டால் அறுக்கவே வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றத் தோன்றும். அதன் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் மின்சாரத்தை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வைத்திருக்கலாம். உள்ளே கிடைக்கும் தகட்டுக்காக அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது ஆபத்து மேல்பூச்சு. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பையும் தகட்டையும் அப்படியே வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை வரும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும், வெல்டிங் அதைவிடப் பல மடங்கு சூடு. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டர்கள் சொல்வார்கள். அதை நம்பிப் புகையைச் சுவாசிக்காதீர்கள். வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுங்கள், அல்லது அந்த முனையை வினிகரில் ஊறவைத்துக் கரையுங்கள், அப்படியும் திறந்தவெளியில் மட்டும் வெல்டிங் செய்யுங்கள். பளபளக்கும் குரோம் பூச்சு இதைவிட மோசம், அதன் புகை புற்றுநோய்க்குக் காரணமாகும். அதைச் சூடாக்காமல் போல்ட் போட்டுப் பூட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த துண்டில் வெல்டிங் நெருப்பு பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் சோப்புத் தண்ணீரே போதும், நன்றாக உலரவிட்டு வேலையைத் தொடங்கலாம். பழைய வண்டிகளின் பிரேக் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். உங்கள் பிரேக் டிஸ்க்கைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

சரி, இனி செய்யும் வேலைக்கு வருவோம். முதல் பத்துத் துண்டுகளைப் பட்டறைக்கே செலவழியுங்கள் என்பது என் யோசனை. வரவேற்பறைக்கு விளக்கு செய்வதற்கு முன், அந்த விளக்கைச் செய்ய உதவும் கருவியைச் செய்வது. கொஞ்சம் கோணலாக வந்தாலும் பாதகமில்லை, தினமும் கைக்கு உதவும், கூடவே வெல்டிங்கும் பழகிவிடும்.

உங்களிடம் நிறைய இருப்பது ஆங்கிள் துண்டு. அதன் முதுகு கீழே இருக்கும்படி மல்லாத்தி, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிறுத்தினால் உள்பக்கம் ஒரு பள்ளம் கிடைக்கும். உருண்டைக் கம்பியோ பைப்போ அந்தப் பள்ளத்தில் உருளாமல் உட்காரும், துளை போடும்போது ட்ரில் நழுவாது. கால் மணி நேர வேலைதான், ஆனால் என் பட்டறையில் அதிகம் பயன்படுவது இதுதான். அடுத்தது வைஸுக்கு மென்மையான வாய். அலுமினிய ஆங்கிள் இரண்டு துண்டை வைஸின் தாடைகள் மேல் கவிழ்த்துப் போட்டால் மறை போட்ட போல்ட்டையும் பாலிஷ் செய்த பித்தளையையும் காயப்படாமல் பிடிக்கலாம். செம்புக் குழாயைப் பிளந்து தட்டையாக்கிச் செய்தாலும் நன்றாக இருக்கும்.

கொஞ்சம் நீளமான ஆங்கிள் மூன்று கிடைத்தால் தகடு வளைக்கும் கருவி செய்யலாம். ஒரு ஆங்கிளை மேசை ஓரத்தில் பொருத்துங்கள். இன்னொன்றை அதோடு கனமான இரண்டு கீல்கள் போட்டு இணையுங்கள். கீலின் நடு அச்சும் இரண்டு ஆங்கிள்களின் விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஒரு மி.மீ. தள்ளிப் போனாலும் வளைவு கூர்மையாக வராமல் உருண்டுவிடும். மூன்றாவது ஆங்கிளைத் தகட்டின் மேல் வைத்து இரண்டு முனையிலும் போல்ட்டால் இறுக்கி, கீல் போட்ட ஆங்கிளின் கைப்பிடியைத் தூக்கினால் தகடு மடங்கும். முழங்கை நீளத்துக்கு 1 மி.மீ. தகடு வரை தாராளமாக வளைக்கலாம். இது கைக்கு வந்துவிட்டால் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாவற்றின் வெளித்தகடும் உங்களுக்குச் சரக்காகிவிடும். கருவித் தட்டு, ஆணிப் பெட்டி, குப்பை அள்ளும் முறம், சுவிட்சுக்கு மூடி என்று செய்துகொண்டே போகலாம். இந்தத் தகடுகளில் ஏற்கெனவே நல்ல பெயின்ட் இருக்கும், பெயின்ட் பக்கத்தை வெளியே வைத்து வளைத்தால் புதிதாக அடிக்க வேண்டியதில்லை. எந்தத் தட்டு செய்தாலும் விளிம்பை ஒரு சுற்று மடித்துவிடுங்கள். மடித்த விளிம்பு கையைக் கிழிக்காது, தட்டும் நெளியாது. ஃபிரிட்ஜின் வெளித்தகட்டை எடுக்கும்போது பின்னால் ஓடும் குழாயில் கை வைக்காதீர்கள், உள்ளிருக்கும் வாயுவை முறையாக வாங்கியெடுக்க அதற்கான ஆள் வேண்டும்.

கார் பிரேக் டிஸ்க், எதையும் நிமிர்த்தி நிற்க வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். கனம் நிறைய, அடிப்பக்கம் தட்டை, நடுவில் பெரிய துளை, சுற்றிலும் போல்ட் துளைகள். சாணை மோட்டாருக்குக் கால், ட்ரில்லுக்கு நிற்கும் தூண், பூதக்கண்ணாடி விளக்குக்கு அடித்தளம் என எதுவாக இருந்தாலும் ஆடாது. ஆனால் அதன் மேல் நேரடியாக வெல்டிங் செய்யாதீர்கள். அது வார்ப்பிரும்பு. வெல்டிங் போட்ட இடம் ஆறும்போது ‘டிக்’ என்ற சத்தத்தோடு பக்கத்தில் விரிசல் விடும். ஒரு மெல்லிரும்புத் தகட்டில் பைப்பை வெல்டிங் செய்து, அந்தத் தகட்டை டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் துளைகள் வழியாகப் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். நாளைக்கு வேறொன்றுக்கு வேண்டுமென்றால் கழற்றிக்கொள்ளவும் வசதி.

பல்சக்கரத்துக்கு வருகிறேன். உங்களுடையதில் எத்தனை பற்கள் என்று எண்ணிப் பாருங்கள். 36 என்றால் அதிர்ஷ்டம், ஒரு பல்லுக்குச் சரியாக 10 டிகிரி. அதைச் சுழலும் ஒரு தண்டில் பொருத்தி, பற்களுக்கிடையே விழும் ஒரு பூட்டு நாக்கைப் பக்கத்தில் வைத்தால், எந்த வட்டத்தையும் 2, 3, 4, 6, 9, 12, 18 சம பாகங்களாகப் பிரிக்கும் கருவி தயார். வட்டத் தகட்டில் ஆறு துளை வேண்டுமா? ஆறு பல் நகர்த்து, துளை போடு, மறுபடி ஆறு பல் நகர்த்து. 42 பல் என்றால் 7 பாகமும் 14 பாகமும் கிடைக்கும், காம்பஸை வைத்துக்கொண்டு ஏழாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வட்டத்தைக் கையால் அளந்து பிரிக்கும்போது சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்து கடைசித் துளையில் வந்து நிற்கும். சக்கரத்தில் அந்தப் பிசகு சேராது. பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போலத் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை, எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். நாக்கு எப்போதும் ஒரே பக்கம் ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

செயினின் குணம் விசித்திரமானது. வளையும், ஆனால் இழுபடாது. அதனால் பைப்பைச் சுற்றிப் பிடிக்க அதைவிட நல்லது கிடையாது. ஒரு பட்டையின் முனையில் செயினின் ஒரு முனையை வெல்டிங் செய்து, மறுமுனை மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி வைத்தால், இறுகிய பைப்பையும் எஞ்சினின் எண்ணெய் வடிகட்டியையும் திருகும் சாவி கிடைத்துவிடும். இதைவிட எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. செயினை நன்றாகக் கழுவி எண்ணெய் போக உலர்த்தி, இரண்டு ஆணிகளில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தானாகவே ஒரு அழகான தொய்வு விழும். அப்படித் தொங்கும்போதே ஒவ்வொரு கண்ணியையும் ஒரு புள்ளி வெல்டிங்கால் அசையாமல் பூட்டுங்கள். முழுக்க முடிந்ததும் எடுத்துத் தலைகீழாக நிறுத்தினால், தன் எடையைத் தானே தாங்கும் வளைவு ஒன்று நிற்கும். தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் நிற்கும் வளைவு கிடைக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675-இல் எழுதி வைத்தார். கட்டடக் கலைஞர் ஆன்டனி கவுடி சங்கிலிகளையும் கயிறுகளையும் தொங்கவிட்டே தன் வளைவுகளின் வடிவத்தைக் கண்டுபிடித்தார். அதே விதியை மேசை மேல் நிறுத்தி, நடுவிலிருந்து ஒரு பல்பைத் தொங்கவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெல்டிங் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் கண்ணிக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ மாட்டினால் மின்சாரம் தளர்ந்த கண்ணிகள் வழியாகப் பாய்ந்து வேண்டாத இடங்களில் பொறி விடும்.

பேரிங் விஷயத்திலும் எர்த் முக்கியம். பேரிங் பொருத்திய சட்டத்தில் வெல்டிங் செய்யும்போது மின்சாரம் குண்டுகள் வழியாகக் கடந்து போனால் அவற்றில் நுண்ணிய குழிகள் விழும், அப்புறம் எப்போதும் கரகரப்புத்தான். நல்ல பேரிங்குகளைப் பெல்ட் சாணையின் உருளைக்கும், நீளப் பைப்பை அறுக்கும்போது தாங்கும் உருளைத் தாங்கிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேட்டிங் சக்கரங்களில் வரும் சின்ன 608 பேரிங் கிடைத்தால் தவறாமல் எடுத்து வையுங்கள்: 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளி விட்டம், 7 மி.மீ. தடிமன். 8 மி.மீ. போல்ட் நேராகப் புகுந்துவிடும் என்பதால் தனியாகத் தண்டு தேட வேண்டாம். பேரிங்கைச் சுத்தியலால் உடைத்துப் பிரிக்காதீர்கள். அது 1 சதவீதம் கார்பனும் 1.5 சதவீதம் குரோமியமும் கொண்ட மிகக் கடினமான எஃகு, சிதறினால் சில்லு கண்ணுக்குள் போகும்.

இனி ஸ்பிரிங் பட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். கத்தி செய்யலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் செய்த முதல் கத்தி, சூடாக்கி எண்ணெயில் தோய்த்து வெளியே எடுத்தபோது நடுவில் மயிரிழை போல ஒரு கோட்டோடு வந்தது. துடைத்துப் பார்த்தபோது அது விரிசல். இரண்டு நாள் அரத்தால் தேய்த்த உழைப்பு கைப்பிடி போடும் முன்பே போய்விட்டது. தோய்த்ததால் அந்த விரிசல் பிறக்கவில்லை, வண்டியில் ஓடிய காலத்திலேயே உள்ளே தொடங்கியிருந்தது. ஆண்டுக்கணக்கில் வளைந்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத சோர்வு விரிசல்கள் இருக்கும். அதனால் இப்போதெல்லாம் நடுத்துளையைச் சுற்றிய பகுதியை ஒதுக்கிவிடுகிறேன், அதிக விசை தாங்கியது அதுதான். மிச்சத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணப்பொடி தூவிப் பார்க்கிறேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து பொடியில் கோடு போடும்.

ஆனால் கத்திக்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. பட்டையைச் சூடாக்கவே வேண்டாம். அது ஏற்கெனவே ஸ்பிரிங் பதத்தில்தான் இருக்கிறது. கிரைண்டரில் வெட்டித் தேய்த்தே நெம்புகோல், பெட்டி திறக்கும் கம்பி, பழைய பெயின்ட் சுரண்டும் சுரண்டி, களை எடுக்கும் கருவி எல்லாம் செய்துவிடலாம். வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், அதன் பழைய வேலையே அதுதானே. தேய்க்கும்போது அவ்வப்போது தண்ணீரில் நனையுங்கள். ஸ்பிரிங் பட்டையின் பதம் அதிகச் சூட்டில் போட்டது, விளிம்பில் லேசாக நிறம் மாறினாலும் பெரிதாகக் கெடாது. அரத்தில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது: விளிம்பு நீலமாக மாறினால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

கத்திதான் வேண்டும் என்றால் செய்யும் முறை இது. நிழலான இடத்தில் உலை வையுங்கள், வெயிலில் இரும்பின் நிறம் ஏமாற்றும். துண்டைச் சூடாக்கிக்கொண்டே அவ்வப்போது காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தைப் பிடிப்பதை நிறுத்திவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் பிரகாசமாகும்வரை விட்டு, 50 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கிய தாவர எண்ணெயில் நேராக, கத்தி வாக்கில் இறக்குங்கள். தண்ணீரில் போட்டால் இந்த ரக எஃகு விரிசல் விட வாய்ப்பு அதிகம். பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதன் புகையில் என்னென்னவோ கலந்திருக்கும். எண்ணெய்ப் பாத்திரம் உலோகமாக இருக்கட்டும், மூட இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும், எண்ணெய் தீப்பிடித்தால் மூடிவிட வேண்டும். வெளியே எடுத்த துண்டின் மேல் நல்ல அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினம் ஏறிவிட்டது. இந்த நிலையில் அது கண்ணாடி போல உடையும், கீழே போட்டுவிடாதீர்கள். அதே நாளில் 200 முதல் 230 டிகிரி வரையுள்ள அடுப்பில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து எடுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் வைக்கோல் மஞ்சள் நிறம் வந்தால் கத்திக்கு ஏற்ற பதம். கோடாரிக்கும் அடிபடும் உளிக்கும் ஊதா வரை விட வேண்டும். நீலம், அதாவது சுமார் 300 டிகிரி, மறுபடி ஸ்பிரிங் பக்கம் போய்விடும்.

தேய்ந்த அரங்களில் நல்ல அரம் 1 சதவீதத்துக்கு மேல் கார்பன் உள்ள எஃகு. மேலே மட்டும் கடினமாக்கிய மலிவு அரங்களும் உண்டு, குறுக்கே தேய்த்து நடுப்பகுதியின் பொறியைப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல அரத்தை அப்படியே மரம் கடையும் உளியாக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். அரம் அடியும் நெம்பலும் தாங்கச் செய்யப்பட்டதல்ல, சுழலும் மரத்தில் சிக்கினால் துண்டாகித் தெறிக்கும். முதலில் அடுப்பில் மேலே சொன்ன சூட்டில் வைத்துப் பதத்தை இறக்குங்கள், அப்புறம் சுரண்டியாகவோ கோடு போடும் கத்தியாகவோ வடிவம் கொடுங்கள். ஆக்ஸா பிளேடு துண்டுகளும் கோடு கீறும் கத்திக்கு அருமையானவை, ஒரு முனையில் துணி நாடா சுற்றினால் கைப்பிடி ஆகிவிடும்.

பட்டடைக்கல்லாக வைத்துக்கொள்ள முறையாக விலைக்கு வாங்கிய தண்டவாளத் துண்டு கிடைத்தால் நல்லது. பெரும்பாலோர் அதைப் படுக்க வைத்து அடிக்கிறார்கள். நட்டுக்குத்தலாக, மரக் கட்டையில் பாதி புதைத்து நிறுத்திப் பாருங்கள். சுத்தியலுக்கு நேர் கீழே முழு நீளத்தின் எடையும் நிற்கும், அடி சோராமல் இரும்புக்குள் போகும். படுக்க வைத்தால் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு அதிர்ந்து பாதி அடியைத் தின்றுவிடும்.

பிரிண்டரைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். மை வண்டி ஓடும் அந்தப் பளபளப்பான தண்டு, நேராக்கித் துல்லியமாகத் தேய்த்த எஃகு. சறுக்கி நகரும் எதற்கும் அது வழித்தடம். ட்ரில்லை நேராக இறக்கும் தாங்கிக்கும், கூர் தீட்டும்போது கத்தியை ஒரே கோணத்தில் பிடிக்கும் கருவிக்கும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் உள்ளே மிகச் சக்தி வாய்ந்த இரண்டு காந்தங்கள் இருக்கும். விரலை நசுக்கிவிடும், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. ஒன்றை மரச்சட்டத்தில் பதித்துச் சுவரில் மாட்டினால் கருவிகள் ஒட்டி நிற்கும். இன்னொன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அரத்தூளின் மேல் ஓட்டுங்கள். பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் முழுக்கப் பைக்குள் வந்துவிடும்.

அலுமினியத்தை உருக்கி வார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 660 டிகிரியில் உருகும் என்பதால் எளிது போலத் தெரியும். குளிர்பானக் கேன்களில் பாதி கசடாகவே போகும், பிஸ்டன் போல ஏற்கெனவே வார்த்த துண்டுகள்தான் நன்றாக வார்ப்பாகும். உருகிய உலோகத்துக்குள் ஈரம் போனால் நொடியில் நீராவியாகி எல்லாவற்றையும் வீசியடிக்கும். அச்சு, கரண்டி, உள்ளே போடும் துண்டு எல்லாம் முன்கூட்டியே சூடாக்கி உலர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் அனுபவம் உள்ள ஒருவர் இல்லாமல் முதல் முறை செய்யாதீர்கள்.

துருவைப் பற்றி: லேசான துருவுக்கு வினிகரில் ஒரு இரவு போதும், வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி உடனே உலர்த்துங்கள். கடினமாக்கிய ஸ்பிரிங்குகளை நெடுநேரம் அமிலத்தில் ஊறவிடக்கூடாது, ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மையைக் கொடுக்கும். கனத்த துருவுக்குச் சலவைச் சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜரை இணைத்து மின்பகுப்பு செய்யலாம்: துருப்பிடித்த துண்டு நெகட்டிவ், வேண்டாத இரும்புத் தகடு பாசிட்டிவ். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வரை வைக்காதீர்கள், குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். மேல்பூச்சுக்குத் துண்டைக் கை பொறுக்காத சூட்டில் ஆளிவிதை எண்ணெயோ தேன்மெழுகோ தடவினால் அடர்ந்த கறுப்பும் பழுப்பும் கலந்த அழகு வரும், துண்டு பார்த்த வேலையின் தழும்புகளும் மறையாது. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

பொம்மையும் சிற்பமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிக்காசோ 1942-இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில் பாரையும் மட்டும் சேர்த்துக் காளையின் தலையைச் செய்தார். இரண்டே துண்டுகள். ஐம்பது நட்டுகளை ஒட்டி வைத்த உருவங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் காளை அளவுக்கு எதுவும் மனதில் தங்கவில்லை. சிற்பம் செய்யும்போதும் துண்டுகளைக் குறைத்துக்கொண்டே போய்ப் பாருங்கள்.

உங்கள் பெட்டிகளுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் ஆங்கிளில் துளை போடும் பள்ளமும் தகடு வளைக்கும் கருவியும். அடுத்து பிரேக் டிஸ்க்கில் சாணைக்கோ ட்ரில்லுக்கோ நிற்கும் தூண். ஸ்பிரிங் பட்டையில் சூடே இல்லாமல் ஒரு நெம்புகோலும் ஒரு சுரண்டியும் செய்து பாருங்கள், கத்தி அப்புறம் வரட்டும். பல்சக்கரத்தின் பற்களை இன்றைக்கே எண்ணி, அந்த எண்ணைப் பெயின்ட்டால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். செயினைக் கழுவி உலர்த்தி, அந்த வளைவு விளக்குக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும்வரை ஆணியில் தொங்கவிடுங்கள்.